முனகும் ஃபேனும் மூதறிஞர் பலரும்

கஹவத்தையில் எந்தப் பொருளையும் நாலு பேர் பார்க்கும்படி கையில் வைத்திருக்கக் கூடாது. கல் விளையும் மண் இது. உள்ளங்கையில் எதை ஏந்தினாலும், பக்கத்தில் நிற்பவர் அதை உரிமையோடு வாங்கி, வெயிலுக்கு நேரே தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு மறுகண்ணால் ஆராய்ந்து, எங்கே குறை என்று சொல்லிவிட்டுத்தான் திருப்பித் தருவார். அது நீலக்கல்லானாலும் சரி, கொய்யாப்பழமானாலும் சரி. குறை காண்பதில் இரத்தினபுரி மாவட்டத்துக்காரரை மிஞ்ச ஆளில்லை. குறையைத் தீர்ப்பது வேறு இலாகா. அதற்கு வேறு ஆளைத் தேட வேண்டும்.

இப்படிப்பட்ட ஊரில், எங்கள் வீட்டு சீலிங் ஃபேன் சுற்றாமல் நின்ற செய்தி வேலியைத் தாண்டி வெளியே போய்விட்டது. கொண்டுபோனவர் யார் என்று நான் எழுதப் போவதில்லை. அவர் இந்தக் கட்டுரையைப் படித்த பிறகுதான் எனக்கு இராச்சோறு வைப்பார்.

வெளியூர் வாசகர்களின் சந்தேகம் ஒன்றை முதலில் தீர்த்துவிடுகிறேன். ஹட்டன் பக்கமிருந்து வரும் எங்கள் சொந்தக்காரப் பிள்ளைகள் கூடத்துக்குள் நுழைந்ததும் அண்ணாந்து பார்த்து, "தேயில இருக்கிற ஊருல ஃபேன் எதுக்கு மாமா?" என்று கேட்பார்கள். தேயிலை என்றால் கம்பளியும் குல்லாவும் என்பது அவர்கள் கணக்கு. ஆனால் எங்களுடையது தாழ்நிலத் தேயிலை, கடல் மட்டத்திலிருந்து 600 மீட்டருக்குக் கீழே விளைவது. இலங்கையின் மொத்தத் தேயிலையில் பாதிக்கு மேல் இந்த வகைதான். பெல்மடுல்லையில் திரும்பி கொடக்கவெலைப் பாதையில் வந்தால் ஒரு பக்கம் தேயிலை, மறுபக்கம் இறப்பர், நடுவில் வியர்த்துக்கொண்டு கஹவத்தை. இறப்பர் மரம் குளிரில் பிழைக்காது. அது செழித்து நிற்கிற ஊரில் மனிதன் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உட்கார வேண்டும். மழைக்கும் குறைவில்லை. ஆனால் மழை விட்ட மறுநிமிடம் வெயில் வந்து தரையிலிருந்து ஆவியைக் கிளப்பி, நனைந்தவன் நனையாதவன் என்ற பேதமில்லாமல் எல்லோரையும் ஈரமாக்கிவிடும். எங்கள் வீட்டுக்குச் சீட் கூரை. பகல் முழுக்க அது வாங்கிக்கொண்ட சூட்டை இரவு முழுக்க எங்களுக்குத் திருப்பித் தரும், வட்டியோடு.

அந்தக் கூரையின் கீழேதான் ஃபேன் வேலைநிறுத்தம் செய்தது.

சுவிட்சைப் போட்டதும் "ம்ம்ம்ம்" என்று முனகியது. இறக்கை மூன்றும் அசையவில்லை. ரெகுலேட்டரை ஒன்றிலிருந்து ஐந்து வரை திருகினேன். முனகல் மட்டும் ஐந்தாம் நம்பருக்கு ஏறியது.

"செத்துப் போச்சுங்க" என்றார் மனைவி.

"செத்தது முனகாது" என்றேன். "முனகுதுன்னா உள்ள கரண்ட் போகுது. வயரு அறுபடல, ரெகுலேட்டரும் உசுரோட இருக்கு. சத்தமே இல்லாட்டித்தான் அதையெல்லாம் தேடணும்."

"போற கரண்ட் எங்க போகுதாம்?" என்று கேட்டுக்கொண்டே அவர் சுவிட்சை அணைத்தார். கேள்வி சாதாரணமானதல்ல. சுற்றுகிற மோட்டருக்குள் போகும் கரண்ட் காற்றாக வெளியே வரும். சுற்றாமல் நிற்கிற மோட்டருக்குள் போனால் சூடாக உள்ளேயே தங்கும். செம்புக் கம்பியின் மேல் பூசிய வார்னிஷ் கருகும். கம்பியும் கம்பியும் ஒட்டும். அதன் பிறகு காயிலை அவிழ்த்துப் புதிதாகச் சுற்ற வேண்டியதுதான். மனைவிக்கு இந்த ஞானம் தையல் மெஷின் மோட்டரால் வந்தது. ஊசி சிக்கிக்கொண்டால் காலை உடனே எடுக்க வேண்டும் என்பது அவர் வேதம். அன்றிலிருந்து ஃபேன் சுவிட்சுக்கு அவரே காவல்.

தையல் மெஷினுக்கும் சீலிங் ஃபேனுக்கும் இரத்த உறவே உண்டு. வரலாறு படிப்பித்தவன் என்பதால் இதை நான் சொல்லாமல் விட முடியாது. ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் சிங்கர் கம்பனியில் வேலை செய்த பிலிப் டீல் என்பவர், தையல் மெஷினுக்காகச் செய்த மின் மோட்டரை 1882இல் கூரையில் கட்டித் தொங்கவிட்டு, அதில் இறக்கையைப் பூட்டினார். மின்சார சீலிங் ஃபேன் அப்படித்தான் பிறந்தது. அந்தச் சிங்கர் 1877இலேயே இலங்கைக்கு வந்துவிட்டது. மனைவியிடம் இதைச் சொன்னபோது அவர் தன் மெஷினை ஒருமுறை பெருமையோடு பார்த்தார். பிறகு, "எம் மெஷின் இன்னும் ஓடுதுங்க. அதோட புள்ளதான் சரியில்ல" என்றார்.

முதல் வைத்தியம் மாமியாருடையது. அவர் பேசவில்லை, ஒட்டடைக் கம்பை எடுத்தார். என்னைச் சுவிட்சைப் போடச் சொல்லி, முனகிக்கொண்டிருந்த இறக்கையைக் கம்பு நுனியால் ஒரு தட்டுத் தட்டினார். ஃபேன் மெல்ல நகர்ந்தது, வேகம் பிடித்தது, ஓடவே தொடங்கிவிட்டது. மாமியார் கம்பைச் சுவரில் சாத்திவிட்டு, மருமகன் படித்த படிப்பைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்தார். சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை.

ஆனால் காற்று வரவில்லை. ஃபேன் முழு வேகத்தில் சுற்றுகிறது, கீழே ஓர் இலைகூட அசையவில்லை. கூரையில் தொங்கிய ஒட்டடை மட்டும் ஆனந்தமாக ஆடியது. மாமியார் தட்டிய பக்கம் மாறிப்போய், அது எதிர்த்திசையில் சுற்றிக் காற்றை மேலே அனுப்பிக்கொண்டிருந்தது. குளிர் நாடுகளில் மாரி காலத்தில் ஃபேனை வேண்டுமென்றே இப்படி ஓட்டுவார்கள். கூரையடியில் தேங்கிய வெப்பம் சுவரோரமாகக் கீழே இறங்குமாம். எங்களுக்கு அந்த உதவி தேவைப்படவில்லை.

வீட்டுக்கு வரும் மின்சாரத்தின் குணம் இதில் தெரிகிறது. அது ஒற்றை ஃபேஸ். விநாடிக்கு 50 முறை முன்னும் பின்னும் போய்வரும். அதனால் மோட்டருக்குள் உண்டாகும் காந்தப்புலம் ஒரே கோட்டில் வீங்குகிறது, வற்றுகிறது, சுழல்வதில்லை. வலப்பக்கமும் இடப்பக்கமும் சம அளவில் இழுபட்டு ரோட்டர் நடுவில் நின்று நடுங்குகிறது. நாம் கேட்கும் முனகல் அந்த நடுக்கம்தான். வெளியிலிருந்து யாராவது ஒரு தட்டுத் தட்டினால், தட்டிய பக்கத்தைப் பிடித்துக்கொண்டு ஓடும். வலம் தள்ளினால் வலம், இடம் தள்ளினால் இடம். கொள்கை என்று எதுவும் கிடையாது; முதலில் யார் தள்ளினார்களோ அவர்கள் பக்கம் முழு விசுவாசம். தேர்தல் முடிந்து பாராளுமன்றத்தில் நடக்கும் பக்கமாற்றங்களை நேரில் காணக் கொடுத்துவைக்காதவர்கள், தள்ளிவிடப்பட்ட இப்படியொரு ஃபேனைப் பார்த்துத் திருப்திப்படலாம்.

தட்டிவிட ஆள் தேவைப்படாமல் தானே புறப்பட வேண்டுமானால் புலம் சுழல வேண்டும். இரண்டு காயில்களை ஒன்றுக்கொன்று இடம் தள்ளி வைத்து, ஒன்றின் கரண்ட் மற்றதற்குக் கொஞ்சம் முந்தி ஓடும்படி செய்தால் புலம் சுழலும் என்று இத்தாலியில் கலிலியோ ஃபெராரிஸ் 1885இல் செய்து காட்டினார். அவரை அறியாமலே அதே வழியில் போன நிக்கொலா டெஸ்லா 1888இல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கினார். ஒற்றை ஃபேஸ் மட்டுமே வரும் வீட்டில் அந்த 'முந்தி ஓடும்' வித்தையைச் செய்வது ஒரு சின்ன டப்பா. எங்கள் பக்கத்தில் அதற்குக் கண்டென்சர் என்று பெயர். ஃபேனின் மேல் கப்புக்குள் ஒளிந்திருக்கும். பெரும்பாலும் 2.5 மைக்ரோஃபராட்.

வெள்ளைக்காரத் துரைமார் காலத்துப் பங்களாக்களில் இந்தத் தொல்லை இருந்ததில்லை. கூரையில் துணிப் பங்கா தொங்கும். கயிற்றின் மறுமுனையில் ஓர் ஆள் உட்கார்ந்து இழுப்பார். அவருக்குக் கண்டென்சர் தேவையில்லை. துரையின் ஒரு சத்தம் போதும். அந்த ஆளுக்கு யார் விசிறினார்கள் என்பதை எந்தத் துரையும் தன் நினைவுக் குறிப்பில் எழுதியதாக நான் படித்ததில்லை.

மின்சாரமும் எங்கள் தோட்டத்து ஆட்களிடம் சுற்றி வளைத்துத்தான் வந்தது. மலையகத்து அருவிகளில் மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918இல் கட்டுரை வாசித்தார். லக்ஷபான நிலையம் 1950இல் ஓடத் தொடங்கியது. கம்பிகள் கொழுந்து மலைகளின் மேலாகக் கொழும்புக்குப் போயின. கீழே லயத்துக் காம்பராக்களில் குப்பி லாம்புதான் எரிந்தது, இன்னும் பல பத்தாண்டுகளுக்கு. நான் வரலாறு படித்ததே அந்த லாம்பு வெளிச்சத்தில்தான். ஆகவே ஒரு ஃபேன் நின்றுபோனதற்காக நான் அழுவது சரியல்ல என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வியர்வை கேட்கவில்லை.

செய்தி பரவியதும் முதலில் வந்தவர் பக்கத்து வீட்டு ஃபிட்டர் அண்ணன். தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், கடைசி மெஷின் வரைக்கும் தெரிந்தவர் என்று பெயர் எடுத்து ஓய்வு பெற்றவர். நீளமான ஸ்குரூ டிரைவர் ஒன்றோடு வந்தார். மேசை மேல் ஏறி, அதன் நுனியை ஃபேனின் வயிற்றில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடினார். ஸ்டோரில் பேரிங் பழுதை இப்படித்தான் கேட்டுப் பிடிப்பார்கள்; நல்ல முறைதான். வெகுநேரம் கேட்டார்.

"பேரிங் போயிருச்சு மாஸ்டர்."

"என்ன சத்தம் கேக்குது?"

"ஒண்ணுமே கேக்கல."

"ஃபேன் நிக்குதே அண்ணே, எப்படிக் கேக்கும்?"

"அதான் சொல்றேன். சத்தம் போடுற பேரிங்னா மருந்து இருக்கு. சத்தமே போடாத பேரிங் ரொம்ப மோசம்."

கீழே இறங்கியதும் அவருக்கு வீட்டு மின்சாரத்தின் மேலேயே கோபம் வந்தது. ஸ்டோரில் கொழுந்து வாட்டும் நீளத் தொட்டிகளுக்குக் காற்று ஊதும் ஃபேன்களெல்லாம் மூன்று ஃபேஸ். மூன்று அலை ஒன்றன்பின் ஒன்றாக வருவதால் புலம் தானாகச் சுழலும். கண்டென்சரும் வேண்டாம், மாமியாரின் கம்பும் வேண்டாம். "ஒத்த ஃபேஸெல்லாம் ஒரு கரண்டா மாஸ்டர்? பட்டனை அமுக்குனா பொறப்படணும். அதுதான் மோட்டர்" என்றார். ஆனால் அவரது மூன்று ஃபேஸ் மோட்டருக்கும் ஒரு கம்பி அறுந்தால் இதே முனகல்தான், இதே கருகல்தான். அதை நான் நினைவூட்டியதும் டீ வேண்டாம் என்று சொல்லிப் போய்விட்டார். போகிற போக்கில், "வோல்டேஜையும் பாருங்க" என்றார்.

இது மட்டும் அறிவுரை. 230 வோல்ட் வர வேண்டிய கம்பி, கடைசி வீட்டுக்கு வந்து சேரும்போது, அதுவும் எல்லோரும் சோற்றுக் குக்கர் போடும் மாலை நேரத்தில், இளைத்துப் போயிருக்கலாம். மோட்டரின் புறப்படும் பலம் வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 230, 170 ஆனால் கால்வாசி குறைந்தது என்றுதான் கேட்பதற்குத் தோன்றும். புறப்படும் பலமோ ஏறக்குறையப் பாதியாகிவிடும். பகலில் ஓடி இரவில் மட்டும் முனகுகிற ஃபேனுக்கு இதுவே நோய். எங்கள் ஃபேன் பாரபட்சம் பார்க்கவில்லை, பகலிலும் முனகியது.

அடுத்து வந்தவர் பம்புக்காரத் தம்பி. கல் குழிகளில் ஊறும் தண்ணீரை இரவு பகலாக இறைப்பது அவர் தொழில். குழிக்காரர்களின் உயிர் அவர் பம்பில் இருக்கிறது. அதனால் அவருக்கு உலகத்தில் எந்த மோட்டருக்கும் ஒரே ஒரு வியாதிதான் தெரியும்.

"தண்ணி ஏறிருச்சு மாஸ்டர்."

"ஃபேன் கூரையில இருக்கு தம்பி."

"நம்ம ஊருல தண்ணி எங்க ஏறாது?"

இதற்குப் பதில் சொல்வது கஷ்டம். எங்கள் ஈரக்காற்றில் சீனி கசியும், உப்பு கரையும், செருப்பில் பூஞ்சணம் பூக்கும். காயிலும் ஈரம் குடிக்கும். ஆனால் அப்போது ட்ரிப் சுவிட்ச் விழுந்துவிடும், முனகிக்கொண்டு நிற்காது. இதை விளக்குவதற்குள் தம்பி மெயினை அணைத்துவிட்டு மேசை மேல் ஏறிவிட்டார். துடிப்பான பிள்ளை. மேல் கப்பை இறக்கியதும் உள்ளே குளவி கட்டிய மண்கூடு. கீழே நின்ற எல்லோரும் "ஆஹா" என்றோம். குளவிக்கும் மோட்டருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் கண்ணுக்குத் தெரிகிற குற்றவாளி கிடைத்துவிட்டால் விசாரணையைத் தொடர யாருக்கும் மனம் வருவதில்லை.

நாடு முழுக்க இதுதான் வழக்கம். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, இலங்கை முழுவதும் மின்சாரம் நின்றது. பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததுதான் காரணம் என்று மின்சக்தி அமைச்சரே சொன்னார். குரங்கு பாய்ந்தது உண்மையாகவே இருக்கட்டும். ஒரு குரங்கின் பாய்ச்சலை ஒரு தேசத்தின் மின்கட்டமைப்பு ஏன் தாங்கவில்லை என்ற கேள்விக்குக் குரங்கு பதில் சொல்லாது. 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு இருந்தபோது எங்களுக்கு ஒரு குரங்குகூடக் கிடைக்கவில்லை. டொலர் இல்லை என்று நேராகவே சொல்லிவிட்டார்கள். அந்த நாட்களில் ஃபேன் முனகியதும் இல்லை, ஓடியதும் இல்லை.

தம்பி கண்டென்சரின் இரண்டு வயரையும் ஸ்குரூ டிரைவரால் தொடவைத்தார். "டப்" என்று ஒரு பொறி பறந்தது. கழற்றி வைத்த பிறகும் இந்த டப்பா சில நேரம் கரண்டைப் பிடித்து வைத்திருக்கும்; வெறுங்கையால் தொட்டால் தன் அறிமுகத்தைச் செய்துகொள்ளும். பிளாஸ்டிக் பிடியுள்ள கருவியால் அதை முதலில் வெறுமையாக்க வேண்டும். இது பம்புக்காரர்களுக்குப் பழக்கம். இறங்கி வந்து டப்பாவை என் உள்ளங்கையில் வைத்தார்.

உள்ளங்கையில் வைத்த இடத்தில்தான் விவகாரம். வாசலில் நின்ற ஹாஜியார் அதைப் பார்த்துவிட்டார். கஹவத்தையில் கல் பார்ப்பவர்களில் மூத்தவர்; அவர் வேண்டாம் என்று வைத்த கல்லை மற்றவர்கள் தொடவே யோசிப்பார்கள். டப்பாவை வாங்கினார். வெயிலுக்குத் தூக்கினார். திருப்பினார். சட்டைப் பையிலிருந்து டோர்ச்சை எடுத்து அடியில் பிடித்தார்.

"மாஸ்டர், வகுறு கொஞ்சம் வீங்கி ஈக்கி."

அதிசயம், சரியாகத்தான் சொன்னார். நல்ல கண்டென்சரின் பக்கங்கள் தட்டையாக இருக்கும். கெட்டது சில நேரம் உப்பும். இதோடு நிறுத்தியிருக்கலாம்.

"சூடு காட்டினா சரிவரும்."

கெவுடக் கல்லை நினைத்துக்கொண்டு சொல்கிறார். பால் கலந்ததுபோல் மங்கலாகக் கிடைக்கும் கெவுடக் கற்களை ஒரு காலத்தில் சீண்ட ஆளில்லை. தாய்லாந்துக்காரர்கள் அவற்றை அள்ளிக்கொண்டுபோய், உலையில் 1,600 பாகை செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, நீலக்கல்லாக்கி விற்ற பிறகுதான் நம்மவர்களுக்குக் கண் திறந்தது. அன்றிலிருந்து இந்த மாவட்டத்தில் எதையும் குப்பையில் போடுமுன் சூடு காட்டிப் பார்க்கலாமா என்று ஒரு யோசனை ஓடும். ஃபேன் கண்டென்சருக்குள் சுருட்டி வைத்திருப்பது பொலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் படலம். அது சுமார் 160 பாகையிலேயே உருகிவிடும். ஒரு சைபர்தான் வித்தியாசம். ஹாஜியார் போன்றவர்கள் வியாபாரத்தில் இரண்டு மூன்று சைபரை அலட்சியமாகத் தள்ளிப் பேசுபவர்கள் என்பதால் நான் மறுத்துப் பேசவில்லை.

அந்தப் படலத்தில்தான் சங்கதி இருக்கிறது. அதன் மேல் மெல்லிய உலோகம் பூசியிருப்பார்கள். வோல்டேஜ் ஏறி இறங்கும்போது படலத்தில் எங்காவது ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தால், சுற்றியுள்ள உலோகம் அந்த இடத்தில் ஆவியாகி ஓட்டையைத் தனிமைப்படுத்திவிடும். தானே தன்னைக் குணமாக்கிக்கொள்ளும் பொருள் அது. ஆனால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் உலோகம் போகிறது, கொள்ளளவு குறைகிறது. 2.5 என்று பிறந்தது இரண்டாகி, ஒன்றரையாகி இளைக்கும். ஃபேன் ஐந்தாம் நம்பரில் நாலு போல ஓடும், பிறகு மூன்று போல. வீட்டுக்காரர்கள் வெயில் கூடிவிட்டது என்று நினைப்பார்கள். எங்கள் வீட்டிலும் அந்த வருடம் உலக வெப்பமாதலைப் பற்றி நிறையப் பேசினோம்.

கொழும்பிலிருந்து மகன் தொலைபேசியில் வந்தான். அவனுக்குக் குறை காண்பதில்கூட ஆர்வமில்லை. "தூக்கிப் போடுங்கப்பா. பி.எல்.டி.சி. ஃபேன் வாங்குங்க" என்றான். அதில் நிலைக்காந்தம், எலக்ட்ரொனிக் பலகை, ரிமோட். பழைய ஃபேன் 75 வாட் தின்றால் அது 30 வாட்தான். பத்து மணி நேரத்துக்கு முக்கால் யூனிட் எங்கே, 0.3 யூனிட் எங்கே? கணக்குச் சரிதான். ஆனால் அது நின்றால் முனகக்கூட முனகாது. பேச்சுமூச்சில்லாமல் தொங்கும். உள்ளே பலகை போனால் பலகையையே மாற்ற வேண்டும். மாமியார் கம்பால் தட்டினாலும் மரியாதை தெரியாமல் இருக்கும். "பாக்கலாம்" என்றேன். அப்பா சொல்லும் 'பாக்கலாம்' எவ்வளவு நீளமானது என்று அவனுக்குத் தெரியும்.

இதற்குள் மாமியார் ஃபேனின் அடிக் கப்பில் ஓர் எலுமிச்சம்பழத்தையும் இரண்டு பச்சை மிளகாயையும் நூலில் கட்டிவிட்டிருந்தார். கண்ணூறு கழியவாம். கீழே உட்கார்பவர் தலைக்கு நேரே பழம் தொங்கியதால் அந்த நாற்காலியை ஃபிட்டர் அண்ணனுக்கு ஒதுக்கினோம். கோபம் தணிந்து அவரும் திரும்பி வந்திருந்தார்.

எல்லோரும் ஒன்றில் மட்டும் ஒற்றுமையாக இருந்தார்கள். "ஒருக்கா போடுங்க பாப்பம்!" பேரிங் பார்க்க ஒருமுறை, தண்ணீர் பார்க்க ஒருமுறை, சும்மா பார்க்க ஒருமுறை. ஒவ்வொருவருக்கும் அந்த முனகலைத் தன் காதால் கேட்டால்தான் கருத்துச் சொல்ல வரும். மனைவி சுவிட்சுப் பலகைக்கு முதுகைக் கொடுத்து நின்றார். "கேட்டது போதும். சொல்றத இப்படியே சொல்லுங்க" என்றார். மூதறிஞர்களுக்கு இது பெரிய அவமானம்.

பாஸ் வந்தது சாயங்காலம். பஜாரில் மோட்டர் காயில் சுற்றும் சின்னக் கடை வைத்திருப்பவர், சிங்களவர், எங்கள் தமிழையும் தன் சிங்களத்தையும் ஒரே வயரில் முறுக்கிப் பேசுவார். வந்தவர் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. மெயினை அணைத்து, இறக்கையை ஒரு விரலால் தள்ளினார். ஃபேன் வழுக்கிக்கொண்டு சுற்றி, தானாக மெதுவாக நின்றது.

"பேரிங் நல்லம்."

ஃபிட்டர் அண்ணன் கூரையைப் பார்த்தார்.

மோட்டரிலிருந்து வரும் மூன்று வயரையும் மீட்டரால் இரண்டிரண்டாகத் தொட்டார். மூன்று வாசிப்பு. பெரியது மற்ற இரண்டின் கூட்டுத்தொகை என்றால் இரண்டு காயிலும் அறுபடாமல் இருக்கின்றன என்று அர்த்தம். மூன்றில் எதுவும் மீட்டரை அசைக்காவிட்டாலோ, கூட்டுத்தொகை பிழைத்தாலோதான் காயில் சந்தேகம். கூட்டுத்தொகை வந்தது. பிறகு வயரின் ஒரு முனையையும் மோட்டரின் வெளி இரும்பையும் தொட்டுப் பார்த்தார், கசிவு இல்லை.

"காயில் நல்லம். தண்ணி இல்ல."

பம்புக்காரத் தம்பி கால் விரலைப் பார்த்தார்.

கடைசியாகக் கண்டென்சர். 2.5 என்று எழுதியிருந்தது; மீட்டர் ஒன்றுக்கும் கீழே காட்டியது. "இது இவராய் மாஸ்டர், முடிஞ்சு" என்று சொல்லி ஜன்னல் படியில் வைத்தார். ஹாஜியார் அதை மறுபடி கையில் எடுத்துக்கொண்டார். சட்டைப் பையிலிருந்து புதியது ஒன்றை பாஸ் வெளியே எடுத்தார். விலை சில நூறு ரூபாய். சந்தேகம் கேட்கத் தொடங்குமுன் அந்தச் சில நூறு ரூபாயைச் செலவழிக்கலாம் என்பதுதான் இந்த வியாதியின் முழு வைத்தியம்: கையால் சுற்றினால் இலேசாகச் சுற்றுகிறது, தட்டிவிட்டால் ஓடுகிறது, தானாகப் புறப்பட மாட்டேன் என்கிறது என்றால் பத்தில் ஒன்பது வீட்டில் அது கண்டென்சர்.

மனைவி பாஸுக்குப் பிளேன்டீயும் கித்துள் கருப்பட்டியும் கொண்டுவந்தார். அவர் அதைக் குடிக்கிற இடைவெளியில், பறிபோன கௌரவத்தை மீட்க நினைத்த பம்புக்காரத் தம்பி ஏறிக் கண்டென்சரைப் பூட்டிவிட்டார். வயர்களின் நிறமெல்லாம் எப்போதோ மங்கிப் பழுப்பாகிவிட்டிருந்தன. மெயின் போட்டோம், மனைவி காவலை விட்டு விலகினார், சுவிட்ச் விழுந்தது. முனகல் இல்லை. ஃபேன் கம்பீரமாகப் புறப்பட்டு, மாமியார் அன்று அனுப்பிய அதே திசையில் சுழன்று, கூரையை நோக்கி ஊதியது. சீட்டின் மேல் சேர்ந்திருந்த தூசி, ஒட்டடை, குளவிக் கூட்டின் மிச்சம் எல்லாம் கிளம்பி எங்கள் தலையில் இறங்கின. எலுமிச்சம்பழம் நூலோடு கிடையாகச் சுற்றி, அறுந்து, ஃபிட்டர் அண்ணனின் பிளேன்டீக்குள் விழுந்தது.

"புளி போதும்" என்றார் அண்ணன்.

பாஸ் கோப்பையை வைத்துவிட்டு மெயினை அணைத்து ஏறினார். கண்டென்சரின் ஒரு வயர் எந்தக் காயிலோடு சேர்கிறதோ அதை வைத்துத்தான் ஃபேன் திசையை எடுக்கிறது. இடம் மாற்றிப் பூட்டினார். அடுத்த முறை காற்று இறங்கியது. நான் சட்டையைப் போட்டுக்கொள்ளலாமா என்று யோசிக்கும் அளவுக்கு இறங்கியது.

மறுநாள் பஜாரில் நான் கேட்ட செய்திகள் பின்வருமாறு. ஃபிட்டர் அண்ணன் கையை வைத்ததும் இறுகியிருந்த பேரிங் இளகிவிட்டது. பம்புக்காரத் தம்பி கப்பைத் திறந்து வைத்ததால் காயிலில் இருந்த தண்ணீர் காய்ந்துவிட்டது. ஹாஜியார் வெயிலில் பிடித்ததில் கண்டென்சருக்குப் போதிய சூடு ஏறிவிட்டது. மாமியாரைப் பொறுத்தவரை, தன் கடமை முடிந்த பிறகுதான் எலுமிச்சம்பழம் விழுந்தது. பாஸின் பெயரை ஒருவரும் சொல்லவில்லை.

எனக்கு மனம் கேட்கவில்லை. கடைக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் ஒரு பழைய ஃபேனின் கருகிய காயிலை அவிழ்த்துக்கொண்டிருந்தார், சிரித்தார்.

"கமக் நே மாஸ்டர், பரவாயில்ல. அந்த நாலு பேரும் நல்ல மனுசங்க. அவங்க 'போடுங்க, போடுங்க' சொல்லிப் பாத்த வீட்டுல இருந்து எனக்குக் கண்டென்சர் வேலை மட்டும் இல்ல, காயில் சுத்துற வேலையும் சேந்து வருது. உங்க வீட்டுலதான் எனக்கு நட்டம். நோனா சுவிட்ச விடல்லயே."